மொட்டை மாடி ஆன்டெனா, ஒரு டவர் லாம்ப், வானத்தில் ஐந்து கடல் மைல்

கிருஷ்ணகிரியில் எந்த மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு விமானம் கண்ணில் படும். பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் 90 கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னைப் பக்கமிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அங்கே இறங்கப் போகிறவை நம் தலைக்கு மேல் வரும்போதே உயரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும், அங்கிருந்து கிழக்கே புறப்பட்டவை ஏறிக்கொண்டிருக்கும், இரண்டோடும் சம்பந்தமில்லாமல் முப்பத்தைந்தாயிரம் அடியில் குறுக்கே கடந்து போகிறவை வேறு. பெரும்பாலும் எல்லாமே தன் இடம், உயரம், வேகம் மூன்றையும் 1090 மெகாஹெர்ட்ஸில் அறிவித்துக்கொண்டே போகின்றன. ஏடிஎஸ்-பி என்பது இதுதான். அதைப் பிடித்து, எந்த இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கப் போகின்றன என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, நெருங்கினால் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

ஓசூர் சிப்காட்டில் பிஎல்சி, சென்சார், கன்வேயர் என்று மெயின்டனன்ஸ் பார்க்கிற ஆள் நான். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களின் மென்பொருளில் குறுகிய கால மோதல் எச்சரிக்கை என்று ஒரு பகுதி உண்டு, கட்டுப்பாட்டாளர் கவனிக்கத் தவறினாலும் அது கவனித்துக்கொண்டிருக்கும். அதன் பொம்மை வடிவம் ஒன்றைச் செய்து பார்க்கத்தான் இறங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டி கேட்பதோடு சரி. எதையும் ஒலிபரப்பாது, எந்த விமானமும் இதை நம்பிப் பறக்கவில்லை. இன்னொன்று, மோதலைக் கண்டுபிடிக்கும் கணக்கு பள்ளிக்கூட வெக்டர் கணக்குதான், அது சீக்கிரம் முடிந்துவிட்டது. விளக்கு தேவையில்லாமல் எரியாமல் இருக்க வைப்பதில்தான் மீதி வேலை முழுக்கப் போனது.

ஹார்டுவேருக்குப் பெரிய செலவில்லை. டிவி பார்ப்பதற்காக விற்ற யூஎஸ்பி டாங்கிள், உள்ளே ஆர்டிஎல்2832யூ சிப். 2012 வாக்கில் அந்தச் சிப்பிலிருந்து பதப்படுத்தாத சிக்னலை அப்படியே எடுக்கலாம் என்று தெரியவந்த பிறகு உலகம் முழுக்க ரேடியோ ஆர்வலர்கள் கையில் அதுதான். கூடவே ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, பழையது ஒன்று. ஆன்டெனாவை நானே செய்துகொண்டேன். 1090 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 27.5 செ.மீ., அதில் கால் பங்கு 6.9 செ.மீ. மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய தடித்த செம்புக் கம்பியில் நடுவே செங்குத்தாக ஒரு துண்டு, கீழே 45 டிகிரி சாய்வில் நான்கு துண்டுகள், எல்லாம் ஏறக்குறைய அதே நீளம், ஒரு பேனல் சாக்கெட்டில் வைத்து சால்டரிங் செய்தால் முடிந்தது.

கேபிளில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த அலைவரிசையில் மெல்லிய ஆர்ஜி58 கேபிள் பத்து மீட்டருக்கு ஐந்து டெசிபலுக்கு மேல் விழுங்கிவிடும், அதாவது ஆன்டெனா பிடித்த சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு கீழே வந்து சேராது. எங்கள் தெரு கேபிள் டிவிக்காரரிடம் "அண்ணா, ஒரு பத்து மீட்டர் ஆர்ஜி6 இருக்குமா?" என்று கேட்டதற்கு, "ஏம்ப்பா, எல்லாரும் போன்ல படம் பாக்குறான், நீ இப்பதான் ஆன்டெனா கட்டுறியா?" என்று சிரித்துக்கொண்டே மிச்சம் கிடந்த சுருளைக் கொடுத்துவிட்டார். அது அதே தூரத்துக்கு இரண்டு டெசிபல்தான் தின்னும். கேபிள் 75 ஓம், டாங்கிள் 50 ஓம், பொருந்தாதே என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபல்கூட இல்லை, கண்டுகொள்ள வேண்டாம்.

முதலில் கிடைத்த தூரம் ஏமாற்றமாக இருந்தது. 35,000 அடியில் பறக்கும் விமானத்தின் ரேடியோ அடிவானம் சுமார் 230 கடல் மைல், அதாவது 425 கிலோமீட்டர். எனக்கு அதில் பாதிகூட வரவில்லை. காரணம் அடுத்த தெருவில் நிற்கும் செல்போன் டவர். 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அது 935 முதல் 960 வரை ஊதித் தள்ளுவதை இந்த மலிவு டாங்கிளால் தாங்க முடியவில்லை, முன்பகுதி நிரம்பி வழிந்து பலவீனமான விமான சிக்னல் அதில் அமுங்கிப் போகிறது. கெயினை, அதாவது டாங்கிள் சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் விமானங்கள் குறைந்தன, இறக்கினால் கூடின. இது ஒன்றே போதும், பிரச்சினை ஓவர்லோடு என்று தெரிந்துகொள்ள. 1090-க்கான ஃபில்டரும் சிறிய ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த ஒரு துண்டை ஆன்டெனாவின் காலடியிலேயே வைத்து, அதே கேபிள் வழியாக 5 வோல்ட் மேலே அனுப்பிய பிறகு கிழக்கே சென்னையைத் தாண்டி வங்காள விரிகுடா மேல் போகிறவை எல்லாம் வர ஆரம்பித்தன. தெற்கே சேர்வராயன் மலை கொஞ்சம் மறைக்கிறது. மேற்கே ஓசூர் மேட்டுநிலம் இங்கிருந்து நானூறு மீட்டர்போல உயரம் என்பதால் பெங்களூருவில் இறங்குகிறவை சுமார் ஐந்தாயிரம் அடிக்குக் கீழே போனதும் மறைந்துவிடுகின்றன. இது பின்னால் ஒரு தலைவலியாக வந்தது, சொல்கிறேன்.

மலைக்கோட்டைப் பக்கத்துக் குரங்குகளைப் பற்றியும் ஒரு வரி. நான்கு கம்பிகளையும் நான்கு திசையில் வளைத்துவிட்டுப் போயிருந்தன. இப்போது எல்லாம் ஒரு பிவிசி பைப்புக்குள், மேலே எண்ட் கேப் போட்டு. ரேடியோ அலைக்கு பிவிசி பெரிய தடையில்லை, குரங்குக்கும் ஆர்வம் போய்விட்டது.

ஒரு ஏடிஎஸ்-பி செய்தி 112 பிட், முன்னோட்டத் துடிப்புகளையும் சேர்த்து 120 மைக்ரோ விநாடியில் முடிந்துவிடும். கடைசி 24 பிட் பிழை சரிபார்ப்புக்கு. இதைப் பிரித்தெடுக்க டம்ப்1090 என்ற நிரல் இலவசமாகவே இருக்கிறது, ரெடிஸ் தரவுத்தளத்தை எழுதிய சால்வதோரே சான்ஃபிலிப்போ எழுதியது. அதை வைத்தே முடித்திருக்கலாம். ஆனால் இடம் எப்படிக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அந்தப் பகுதியை மட்டும் பைத்தானில் தனியாக எழுதினேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுக்கும் தலா 17 பிட்தான் இடம். அதில் உலகம் முழுவதையும் ஐந்து மீட்டர் துல்லியத்தில் அடைக்க முடியாது என்பதால், பூமியைச் சுமார் ஆறு டிகிரிப் பட்டைகளாக வெட்டி, பட்டைக்குள் எங்கே என்பதை மட்டும் அனுப்புகிறார்கள். எந்தப் பட்டை என்று கண்டுபிடிக்க ஒற்றை, இரட்டை என இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வரும், இரண்டிலும் பட்டையின் அகலம் சற்றே வேறு. பத்து விநாடிக்குள் ஒரு ஜோடி கிடைத்தால் இடம் சந்தேகமில்லாமல் தெரியும். ஜோடி கிடைக்காவிட்டால், விமானம் நம்மிடமிருந்து 180 கடல் மைலுக்குள்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஏதாவது ஒரே ஒரு செய்தியிலேயே இடத்தைக் கணிக்கலாம்.

அந்த நிபந்தனையில்தான் வேடிக்கை. ஃபில்டர் போட்ட பிறகு 180 கடல் மைலுக்கு அப்பாலிருந்தும் சிக்னல் வர ஆரம்பித்ததும், வங்காள விரிகுடா மேல் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த விமானம் மங்களூரு பக்கம் முளைத்தது. அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல், இரட்டைச் செய்திக்கு ஓரிடம், ஒற்றைச் செய்திக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னோரிடம் என்று குதித்தது. அங்கே உண்மையாகவே பறந்துகொண்டிருந்த விமானத்தோடு இந்தப் பேய்க்கு "மோதல்". சரி, இப்போது விதி இதுதான்: புது விமானத்துக்கு முதல் இடம் ஜோடியிலிருந்து மட்டுமே, அதன்பின் அந்த விமானத்தின் கடைசி இடத்தை வைத்து அடுத்ததைக் கணிக்கலாம், என் வீட்டை வைத்து அல்ல. செய்தி தன் துல்லியத்தைப் பற்றித் தானே ஒரு குறியீடும் சொல்கிறது. அது மோசமாக இருந்தால் எச்சரிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டம்ப்1090-இல் இரண்டு பிட் பிழையைத் தானே திருத்தும் வசதி இருக்கிறது, அதையும் நிறுத்தி வைத்தேன். தப்பாகத் திருத்தப்பட்ட செய்தி என்பது இல்லாத விமானம், அல்லது இருக்கிற விமானத்துக்கு இல்லாத உயரம்.

இப்போது கணக்கு. இரண்டு விமானங்களின் இட வித்தியாசம் ஒரு வெக்டர், வேக வித்தியாசம் இன்னொரு வெக்டர். இரண்டின் உள்பெருக்கத்தை வேக வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்துக் குறி மாற்றினால், இருவரும் மிக அருகில் வரப்போகும் நேரம் வந்துவிடும். அந்த நேரத்தில் கிடைமட்ட இடைவெளி 5 கடல் மைலுக்குக் குறைவா, செங்குத்து இடைவெளி 1,000 அடிக்குக் குறைவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் குறைந்தால்தான் பிரச்சினை. பாதையில் பறக்கும்போது ரேடார் கண்காணிப்பில் வழக்கமான இடைவெளி அந்த ஐந்து கடல் மைல். 29,000 முதல் 41,000 அடி வரை செங்குத்தாக ஆயிரம் அடி.

எத்தனை நிமிடம் முன்னால் பார்ப்பது என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி. ஆளுக்கு 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரண்டு விமானங்கள் நிமிடத்துக்குப் பதினைந்து கடல் மைல் நெருங்கும், ஐந்து கடல் மைல் என்பது இருபது விநாடி. அப்படியானால் நிறைய முன்னால் பார்ப்பதே நல்லது என்று தோன்றும். ஆனால் திசையில் ஒரு டிகிரி பிசகு இருந்தால் இருபது நிமிடத்தில் விமானம் 150 கடல் மைல் போயிருக்கும், பிசகு 2.6 கடல் மைலாக வளர்ந்திருக்கும். அதற்குள் அது திரும்பலாம், ஏறலாம், இறங்கலாம், எதுவும் எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் முன்னால் பார்க்கும் மென்பொருள்களும் உண்டு, ஆனால் அவற்றின் கையில் விமானத்தின் பறப்புத் திட்டம் இருக்கிறது. என் கையில் இருப்பது நேர்கோடு மட்டும், அதனால் இரண்டு நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்தியும், ஓடவிட்டதும் விளக்கு அணையவே இல்லை.

முதல் காரணம் மிக அற்பமானது. உயரம் 25 அடிப் படிகளில்தான் வருகிறது. 35,000 அடியில் போகிற விமானம் காற்றில் லேசாக ஆடி 35,025 என்று சொல்லும், எதிரே 36,000-இல் வருவது 36,000 என்றே சொல்லும், வித்தியாசம் 975, விளக்கு எரிகிறது. கிழக்கே போகிறவைக்கு ஒற்றைப்படை ஆயிரங்கள், மேற்கே போகிறவைக்கு இரட்டைப்படை என்று உயரம் பிரித்துக் கொடுக்கிற வானத்தில் ஆயிரம் அடி மேலே கீழே எதிரெதிராகக் கடப்பது நாள் முழுக்க நடக்கிற சாதாரண விஷயம். ஆகவே எச்சரிக்கை எல்லையும் பாதுகாப்பு இடைவெளியும் ஒன்றாக இருக்கக் கூடாது. செங்குத்து எல்லையை 800 அடி என்று வைத்தேன், பாதித் தொல்லை போனது.

சில செய்திகளில் காற்றழுத்த உயரத்துக்குப் பதிலாக ஜிபிஎஸ் உயரம் வரும். காற்றழுத்த உயரம் என்பது 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்து, ஓர் இலட்சிய வளிமண்டலத்தில் கணக்கிட்டது. நம் ஊர்ச் சூட்டில் காற்று விரிந்து கிடப்பதால், 35,000 என்று காட்டும் விமானம் உண்மையில் அதைவிட ஆயிரத்து ஐந்நூறு அடியோ அதற்கும் மேலோ உயரத்தில் இருக்கலாம். எல்லா விமானமும் ஒரே தப்பைச் செய்வதால் ஒன்றுக்கொன்று இடைவெளி கெடுவதில்லை, அழகான ஏற்பாடு. ஒன்றின் காற்றழுத்த உயரத்தை இன்னொன்றின் ஜிபிஎஸ் உயரத்தோடு ஒப்பிட்டால்தான் குழப்பம். ஜிபிஎஸ் உயரச் செய்திகளை எச்சரிக்கைக் கணக்கிலிருந்து மொத்தமாகத் தூக்கிவிட்டேன்.

அடுத்தது பெங்களூருவுக்கு இறங்குகிறவை. ஒரு விமானம் நிமிடத்துக்கு 2,000 அடி வீதம் இறங்குகிறது, 3,000 அடி கீழே இன்னொன்று குறுக்கே போகிறது. என் நேர்கோட்டுக் கணக்கில் ஒன்றரை நிமிடத்தில் இரண்டும் ஒரே உயரம். உண்மையில் ஆயிரம் அடி மேலேயே நின்றுகொள்ளச் சொல்லிக் கட்டுப்பாட்டாளர் உத்தரவு கொடுத்திருப்பார், அது எனக்குக் கேட்காது. கட்டுப்பாட்டு மையத்து மென்பொருளுக்கு அந்த அனுமதி உயரம் தெரியும், ஏனெனில் கட்டுப்பாட்டாளர் அதைத் திரையில் பதிகிறார். எனக்குக் கிடைத்த மாற்று, வகை எண் 29 செய்தி. புதிய தலைமுறை ஏடிஎஸ்-பி கருவிகள் விமானி தன் பேனலில் திருகி வைத்த இலக்கு உயரத்தையும் சேர்த்து அனுப்புகின்றன. அதைப் படித்து, "இவர் 16,000-இல் நிற்கப் போகிறார்" என்று தெரிந்தால் கணக்கை அந்த உயரத்தோடு வெட்டிவிடலாம். இதைச் சேர்த்த அன்று விளக்கு நெடுநேரம் சும்மா இருந்தது.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி மேல் நடந்த மோதலில், 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் இருந்த சவுதி விமானத்தோடு மோதியது. 349 பேர் இறந்தார்கள். "இவர் சொன்ன உயரத்தில் நின்றுவிடுவார்" என்று நம்பி விளக்கை அணைத்து வைக்கும் மென்பொருள், நிற்காமல் போகிறவர் விஷயத்தில்தான் குருடாக இருக்கும், அதாவது எச்சரிக்கை உண்மையிலேயே தேவைப்படும் அந்த ஒரே தடவையில். அதனால் இப்படி முடிவு செய்தேன்: இலக்கு உயரத்தை நம்புவது நாற்பது விநாடிக்கு அப்பால் உள்ள எதிர்காலத்துக்கு மட்டும். அதற்குள் வந்துவிட்டால் இலக்காவது ஒன்றாவது, தற்போதைய இறங்கு வேகம் மட்டுமே கணக்கு. கடைசி ஆயிரம் அடியில் நிமிடத்துக்கு 1,500 அடிக்கு மேல் வேகம் வைக்க வேண்டாம் என்று விமானிகளுக்கு ஒரு பரிந்துரை உண்டு, அதைப் பின்பற்றுகிறவர்கள் என் நாற்பது விநாடி வலையில் பெரும்பாலும் சிக்குவதில்லை. அவசரமாக இறங்கி வந்து டக்கென்று நிறுத்துகிறவர்களுக்கு இப்போதும் சிவப்பு எரியும். எரியட்டும்.

மறைந்துபோகிற விமானங்கள் என்று முன்னால் சொன்னேனே, அது இங்கே வந்தது. செய்தி நின்றுவிட்டால் கடைசி வேகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுவது வழக்கம், இல்லாவிட்டால் ஒரு செய்தி தவறினாலும் திரையில் விமானம் விட்டு விட்டுத் தெரியும். ஆனால் ஓசூர் மேட்டுக்குப் பின்னால் மறைகிறவை இறங்கிக்கொண்டே மறைகின்றன. என் நிரல் அவற்றைத் தரைக்குள் இறக்கிக்கொண்டே போய், பின்னால் வருகிறதோடு மோதவிட்டது. பெங்களூருவைச் சுற்றி 6,000 அடிக்குக் கீழே மறைந்தால் இறங்கிவிட்டது என்று உடனே அழித்துவிடு, மற்ற இடங்களில் பதினைந்து விநாடி ஓட்டு என்று பிரித்தேன். அதே வட்டாரத்தில் கிடைமட்ட எல்லையையும் 5-இலிருந்து 3 கடல் மைலாகக் குறைத்தேன், விமான நிலையத்தை நெருங்கும் பகுதியில் இடைவெளி அப்படித்தான் இருக்கும்.

மிச்சத்தை என் தொழிலே சொல்லிக்கொடுத்தது. தொழிற்சாலையில் எந்த அலாரத்தையும் நேரடியாக விளக்கில் கட்ட மாட்டோம், நடுவில் ஆன்-டிலே டைமர், ஆஃப்-டிலே டைமர் இருக்கும். இங்கேயும் நான்கு சுற்றில் மூன்று தடவை மோதல் வந்தால்தான் சிவப்பு, எரிந்த பிறகு எல்லையைவிட ஒரு கடல் மைல் அதிகமாக விலகினால்தான் அணையும். அவசரம் முப்பது விநாடிக்குள் என்றால் மட்டும் எண்ணிக்கை பார்க்காமல் உடனே எரியும். ஒரு நல்ல நாளில் விளக்கு எரியாமலே போகிறது, எரிந்தால் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. முன்பு அப்படித் தோன்றியதில்லை.

விளக்கு என்பது பழைய இரும்புக் கடையில் கிடைத்த 24 வோல்ட் டவர் லாம்ப். சிவப்பு, மஞ்சள், பச்சை, அடியில் நீலம். நீலத்துக்கு "எனக்குத் தெரியவில்லை" என்று பொருள் கொடுத்தேன், இந்த மொத்தப் பெட்டியிலும் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். பச்சை எரிய ரிலேவுக்கு நிரலிலிருந்து தொடர்ந்து துடிப்பு வர வேண்டும். நிரல் தொங்கினால் ரிலே விழும், பச்சை போய் நீலம் தானே எரியும். செய்தியே வராதபோது வானம் காலியா, காது செவிடா என்பதை இரைச்சல் மட்டத்தை வைத்துப் பிரிக்கிறேன். மேலே ஆம்ப்ளிஃபயர் செத்தால் பின்னணி இரைச்சலும் சட்டென்று விழும்.

என் மாமனார் ஒரு மாலை வந்து வெகுநேரம் இந்த லாம்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சிவப்பு எரிஞ்சா யாருக்குப் போன் பண்ணுவீங்க மாப்பிள்ளை?"

"யாருக்கும் இல்லை மாமா, அவங்ககிட்ட இதைவிட நல்லதா ஒண்ணு இருக்கு."

"அது கெட்டுப் போயிருந்தா?"

சரியான கேள்வி. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேல் இரண்டு விமானங்கள் மோதியபோது அதுதான் நடந்தது. சூரிச் மையத்தில் பராமரிப்பு வேலைக்காகத் திரையில் வரும் மோதல் எச்சரிக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள், தொலைபேசியும் சரியாக வேலை செய்யவில்லை, திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தது ஒரே கட்டுப்பாட்டாளர். பக்கத்து கார்ல்ஸ்ரூ மையத்தில் எச்சரிக்கை தெரிந்து அங்கிருந்து அழைத்துப் பார்த்தார்கள், லைன் கிடைக்கவில்லை. விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார், விமானிகள் இறங்கினார்கள். மற்ற விமானத்தை அதன் கருவி இறங்கச் சொல்லியிருந்தது. 71 பேர் இறந்தார்கள். இரண்டும் முரண்பட்டால் கருவி சொல்வதையே கேட்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு தெளிவாக வலியுறுத்தப்பட்டது. பராமரிப்புக்காக ஒரு பாதுகாப்பை நிறுத்தும்போது, நிறுத்தியிருக்கிறது என்பதை எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் தொழிற்சாலையில் பூட்டும் சீட்டும் தொங்கவிட்டுச் செய்கிறோம். என் நீல விளக்கு அந்தச் சீட்டுதான்.

மாமாவின் கேள்விக்காகவே இரண்டாவது ராஸ்பெரி பை ஒன்றை ஸ்டேண்ட்பையாக வைத்தேன், அதே நிரலோடு. ஒரு நாள் மெயின் நின்றது, அடுத்த நொடியே ஸ்டேண்ட்பையும் நின்றது. லாகைப் பார்த்தால் பூஜ்யத்தால் வகுத்தல். ஏடிஎஸ்-பி-யில் வேகம் தசமம் இல்லாத முழு நாட் எண்ணாகத்தான் வருகிறது. ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வேகத்தில், ஒரே திசையில் இரண்டு விமானங்கள் போனால் வேக வித்தியாசம் சரியாகப் பூஜ்யம். மெயின் எந்தச் செய்தியில் விழுந்ததோ அதே செய்தி ஸ்டேண்ட்பைக்கும் போனது, அதே வரியில் அதுவும் விழுந்தது. பிரிட்டனில் 2023 ஆகஸ்ட் 28 அன்று நடந்ததும் இதே வகைதான். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் பறப்புத் திட்டத்தில் ஒரே பெயர்க் குறியீடுள்ள இரண்டு இடங்கள், ஒன்று பிரான்சில், ஒன்று அமெரிக்காவில். முதன்மை அமைப்பு குழம்பித் தன்னை நிறுத்திக்கொண்டது, மாற்று அமைப்பு அதே திட்டத்தை வாங்கிப் படித்து அதுவும் நிறுத்திக்கொண்டது, எல்லாம் இருபது விநாடிக்குள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே என் ஸ்டேண்ட்பையில் இப்போது வேறு நிரல். சூத்திரம் கிடையாது, இரண்டு நிமிடத்தை ஐந்து ஐந்து விநாடியாக நகர்த்தி ஒவ்வொரு படியிலும் இடைவெளியை அளக்கிறது. மெதுவானது, மொக்கையானது, வகுத்தலே இல்லை. இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் மஞ்சள்.

இதெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு விளையாட்டு. ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் 2,000 ஏக்கரில் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக வரக் கூடாது என்ற ஒப்பந்தம் இருப்பதால் அது எப்போது பறக்கும் என்பது வேறு கதை. நான் பதிவு செய்து வைத்த ஒரு நாள் போக்குவரத்தை மறுபடி ஓட்டி, ஓசூர் பக்கம் ஒரு கற்பனை ஓடுபாதை போட்டு, அதற்குக் கற்பனை விமானங்களை அனுப்பிப் பார்த்தேன். இரண்டு நிலையங்களுக்கும் இடையே ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். தென்கிழக்கிலிருந்து வருகிற இரண்டு வரிசைகளும் ராயக்கோட்டைக்கு மேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சிவப்பு மழை பொழிந்தது. ஒரு வரிசையை முன்கூட்டியே கீழே இறக்கி மற்றதின் அடியில் செலுத்தினால் அடங்குகிறது, ஆனால் கீழே சீக்கிரம் இறங்குகிற விமானம் கூடுதல் எரிபொருள் எரிக்கும். அந்தச் செலவை எந்த ஊருக்கு வருகிறவர் ஏற்பது என்பதை நிரல் முடிவு செய்ய முடியாது.

வரிசை போடும் பகுதி இன்னும் சுவாரசியம். கனரக விமானத்துக்குப் பின்னால் சுழல்காற்று இருக்கும் என்பதால் அதன் பின்னால் வரும் நடுத்தர விமானத்துக்கு 5 கடல் மைல் இடைவெளி, கனரகத்துக்குப் பின் கனரகம் என்றால் 4, மற்றபடி 3 போதும் என்று வைத்துக்கொண்டேன். கனம், நடு, கனம், நடு என்று வந்தால் 5, 3, 5, மொத்தம் 13. வந்த வரிசையிலிருந்து ஆளுக்கு ஓரிடம் மட்டும் மாற்றலாம் என்று விட்டால் நடு, கனம், நடு, கனம் ஆகி 11. இஷ்டத்துக்கு மாற்றினால் நடு, நடு, கனம், கனம், வெறும் 10. இறங்கும்போது 140 நாட் வேகத்தில் அந்த மூன்று கடல் மைல் மிச்சம் 77 விநாடி. ஆனால் முதலில் வந்த கனரக விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவதை எந்த விமானியிடம் சொல்வது? கிருஷ்ணகிரி டோல்கேட்டில் லேன் மாற்றிக் குறுக்கே நுழைகிறவனைப் பார்த்தால் நமக்கு வருகிற கோபம்தான் அவருக்கும் வரும். ஓரிடம் மாற்றும் விதியையே வைத்திருக்கிறேன்.

அடுத்து செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. இப்போது எல்லாமே விமானம் தன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துச் சொல்வதை நம்பி ஓடுகிறது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தைச் சுற்றி போலி ஜிபிஎஸ் சிக்னல் தொல்லை கொடுத்ததே, அதுபோல இங்கே வந்தால் விமானமே தப்பான இடத்தை உண்மையென்று நம்பிச் சொல்லும், என் பெட்டியும் தலையாட்டும். அதைச் சோதிக்க ஒரே செய்தி மூன்று ஊர்களில் எந்த நேரத்தில் வந்து சேர்ந்தது என்று ஒப்பிட வேண்டும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். டாங்கிள் விநாடிக்கு 24 லட்சம் தடவை அளப்பதால் ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 125 மீட்டர், பேயைப் பிடிக்க அது தாராளம். உயரம் காற்றழுத்தத்திலிருந்து தனியாகக் கிடைப்பதால் மூன்று இடம் போதும். தர்மபுரியில் ஒரு நண்பர் மாடி தருகிறேன் என்று சொல்லிவிட்டார், கம்பியும் வெட்டியாகிவிட்டது. மூன்றாவது ஓசூரில் என்றால் எனக்கு வசதி, ஆனால் கிழக்குப் பக்கம் ஒரு காதும் இல்லாமல் போகும். கிழக்கே தள்ளி வேண்டும். திருப்பத்தூர் பக்கம் மொட்டை மாடியும், நிற்காமல் ஓடும் பிராட்பேண்டும், குரங்கு குறைவாகவும் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆன்டெனாவும் கேபிளும் நானே கொண்டுவந்து கட்டித் தருகிறேன்.